மன்னார்க் கரையில் புள்ளும் பெயரும்

நெய்தற்றிணை பற்றிய உரை வானொலியில் ஒலிபரப்பாகிய சில நாட்களின் பின் நேயர் ஒருவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. ‘நெய்தலுக்குரிய பறவை கடற்காகம் என்று சொன்னீர்கள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் படித்தோம். அது எந்தப் பறவை? எங்கே போய்ப் பார்க்கலாம்?’ இவ்வளவுதான் கேள்வி.

இத்தகைய கேள்விக்குத் தமிழாசிரியர் பலர் சொல்லும் விடை ஒன்று உண்டு. ‘கடலோரத்தில் வாழும் ஒருவகைப் பறவை’ என்பது அது. ஒருவகை மரம், ஒருவகைப் பூ, ஒருவகைப் புள் என்று எழுதிச் செல்வது உரையாசிரியர்களிடமிருந்து எமக்கு வந்த பழக்கம். தொல்காப்பியர் புள்ளைக் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணினார். அப்புள்ளைக் கண்ணாற் கண்டவர்கள் அவருடைய மாணவர்கள். நாம் அச்செழுத்தில் மட்டும் கண்டு பழகிவிட்டோம். ஆகவே இந்த வாரம் ஏடுகளைச் சற்று மூடிவைத்துவிட்டு மன்னாருக்குப் போவோம்.

ஏன் மன்னார்? படத்தைப் பார்த்தால் விளங்கும். இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்து இந்தியாவை நோக்கி நீட்டிய விரல்போல் மன்னார்த் தீவு கிடக்கிறது. அதன் நுனி தலைமன்னார். அங்கிருந்து தனுஷ்கோடிவரை சுமார் 30 கிலோமீற்றர் தூரத்துக்கு மணற்றீடைகள். மனிதருக்கு இவ்வழி 1914இல் கப்பலும் ரயிலும் இணைந்த பாதையாகத் திறந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோயிற்று. பறவைகளுக்கு அப்பாதை ஒருநாளும் மூடப்படவில்லை. வட துருவத்தையொட்டிய சமவெளிகளிலிருந்து மத்திய ஆசியா வழியாக இந்து சமுத்திரம்வரை வருகின்ற வலசைப் பாதையை விஞ்ஞானிகள் மத்திய ஆசிய வான்பாதை என்கிறார்கள். முப்பது நாடுகளைத் தொட்டுவரும் அப்பாதையின் தென்கோடி நாம் இருக்கும் இந்தத் தீவு. இதற்கப்பால் தெற்கே வெறுங்கடல். அவ்வழியே வருகிற பறவைகளுட் பல முதலிற் கால் வைக்கும் வாசற்படி மன்னார்.

பறவை பார்க்க வருபவர் ஐப்பசிக்கும் பங்குனிக்கும் இடையில் வரவேண்டும். வாடைக்காற்றோடு வருபவை சோழகம் தொடங்குமுன் போய்விடும். அதிலும் மாசி மாதம் மிக உகந்தது. மாரி மழையில் நிரம்பிய களப்புகளும் தரவைகளும் அப்போதுதான் வற்றத் தொடங்கிச் சேற்றை வெளியே காட்டும். எமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் சிலரோடும், கமரா வைத்திருக்கும் உயிரியல் ஆசிரிய நண்பரோடும் சென்ற மாசியில் ஒருநாள் விடியுமுன் தள்ளாடியைக் கடந்து வங்காலைச் சரணாலயத்தின் ஓரத்திற் போய் நின்றோம். மன்னார்ப் பாலத்துக்குச் செல்லும் பெருவீதியின் இருபுறமும் பரந்து கிடக்கிறது அந்தச் சரணாலயம். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 4,839 ஹெக்டேயர். யுத்தம் முடிந்த அடுத்த ஆண்டாகிய 2010இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாயிற்று. இலங்கையில் அந்த மதிப்பைப் பெற்ற நான்காவது இடம் அது.

இருட்டில் முதலிற் கேட்பது ஒலிதான். சீழ்க்கைபோல் எழுந்து நீண்டு கலங்கிக் கரையும் ஒரு குரல். அது கோட்டான் என்றேன். மாணவர்கள் சிரித்தார்கள், கோட்டான் என்றால் ஆந்தை என்றே அவர்கள் அறிவார்கள். ஆனால் தமிழ்ப் பறவைப் பெயர்ப் பட்டியல்களிற் பாருங்கள், கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகையுடைய இந்தக் கரைப்பறவைக்குக் ‘குதிரைமலைக் கோட்டான்’ என்றொரு பெயர் உண்டு. குதிரைமலை எங்கே இருக்கிறது? மன்னாருக்குத் தெற்கே, வில்பத்துக் காட்டின் கடலோரத்தில். அந்தக் குதிரைமலைதான் இப்பெயரில் ஏறியிருக்கிறது என்று எண்ணவே எனக்கு விருப்பம். அப்படியாயின் உலகின் பாதியைச் சுற்றும் ஒரு பறவை எமது கரையோரக் குன்றொன்றின் பெயரைத் தமிழிற் சுமந்து திரிகிறது. இதைவிட நல்ல ஊர்ப்பெயராய்வு வேறென்ன வேண்டும்?

வெளிச்சம் வந்ததும் சேறு முழுவதும் உயிராகத் தெரிந்தது. புதிதாகப் பார்ப்பவர்க்கு எல்லாம் ஒரே சாம்பல் நிறக் குருவிகள். இங்கே பார்க்க வேண்டியது நிறத்தையன்று, அலகை. கோட்டானின் அலகு ஒரு சாண் நீளத்தை நெருங்கும்; சேற்றின் ஆழத்திலே ஒளிந்திருக்கும் புழுவையும் நண்டையும் அது எடுக்கும். பவளக்காலியின் அலகு நடுத்தரம். அது நடுப்பகுதியைத் துழாவும். கொசு உள்ளான் என்று ஒன்று, பெயரே சொல்கிறது, ஒரு சிட்டுக்குருவியின் எடைதான் இருக்கும். அது மேற்பரப்பை மட்டும் கொத்திக்கொண்டு ஓடும். கரண்டிவாயன் அலகைத் தண்ணீரில் இடமும் வலமும் வீசி நடக்கும். கல்திருப்பி உள்ளான் சிப்பியையும் கல்லையும் புரட்டிப் பார்க்கும். ஒரே சேற்றில் இத்தனை இனமும் சண்டையின்றி உண்பதன் இரகசியம் இதுதான். ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஆழம் அளந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. தள்ளி, ஆழமான நீரில் தாராக்கள் ஆயிரக்கணக்கில். ஊசிபோல வால் நீண்டவை ஊசிவால் வாத்துகள். நெற்றியில் வெளிறிய பட்டை உடையதற்கு ‘நாமத்தலை வாத்து’ என்று பெயர். பெயர் வைத்தவர் வைணவராயிருக்கலாம், அல்லது நல்ல நகைச்சுவையாளராயிருக்கலாம்.

உள்ளான் என்ற சொல்லைக் கேட்டால் எமக்கு முந்திய தலைமுறைக்குக் கறிச்சட்டிதான் நினைவுக்கு வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். துவக்கோடு உள்ளான் சுடப் போனவர்களுக்கு இப்பறவைகளின் வேறுபாடுகள் எம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தன.

பூநாரைகளைப் பார்த்தபோதுதான் கமரா பற்றிய பிரச்சினை எழுந்தது. இருநூறு பாகத்துக்கு அப்பால், முழங்கால் நீரில், இளஞ்சிவப்பு வேலிபோல நின்றன. தலையைத் தலைகீழாக்கி அலகை நீருக்குட் கவிழ்த்து, நாக்கை விசையாக இயக்கி, அலகோரத்திலுள்ள சீப்பு போன்ற அரிப்பாற் சேற்றுநீரை வடித்து, உவர்நீர்ச் சிற்றிறாலையும் பாசியையும் உண்கின்றன. அந்த உணவிலுள்ள நிறப்பொருள்தான் இறகின் சிவப்பு. குஞ்சுகள் சாம்பல் நிறமாகவே பிறந்து, உண்ண உண்ணச் சிவக்கின்றன. இலங்கையில் அவை கூடு கட்டுவதில்லை. குஜராத்தின் கட்ச் உவர்வெளியில் அவற்றின் பெரிய குடியிருப்புகள் உள்ளன.

மாணவர்களுள் ஒருவருக்கு அவை எழுந்து பறக்கும் காட்சி வேண்டும். சிறகு விரித்தாற்றான் உள்ளே இருக்கும் செந்நிறமும் கருநிறமும் தெரியும். நாட்காட்டிகளில் வரும் படம் அதுதான். கையைத் தட்டினாற் போதும், அல்லது நாலடி முன்னே ஓடினாற் போதும், எழுந்துவிடும் என்றார். நண்பர் மறித்துவிட்டார். அவர் மாணவர்களுக்குச் சொன்ன விளக்கத்தை இங்கே தருகிறேன். அன்றைய காலையில் எனக்குப் புதிதாகக் கிடைத்த அறிவு அதுவே.

மாசி, பங்குனியில் இக்கரைப் பறவைகள் உண்பது அன்றன்றைய பசிக்கு மட்டுமன்று. திரும்பிப் போகும் பயணத்துக்கான எண்ணெயை அவை உடம்பில் ஏற்றிக்கொண்டிருக்கின்றன. சில இனங்கள் புறப்படுமுன் தமது நிறையை ஏறத்தாழ இருமடங்காக்கிக் கொள்கின்றன. கூடியது முழுவதும் கொழுப்பு. அலாஸ்காவிலிருந்து புறப்பட்ட ஒரு பட்டைவால் மூக்கன், 2022ஆம் ஆண்டு அக்டோபரில், பதினொரு நாள் எங்கும் இறங்காமற் பறந்து அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் இறங்கியது. கடந்த தூரம் 13,560 கிலோமீற்றர். அதே இனத்தின் வேறொரு கிளை மன்னாருக்கும் வருகிறது. இப்படிப்பட்ட பறவையை நாம் ஒரு படத்துக்காக எழுப்பினால் அது செலவழிப்பது அந்தச் சேமிப்பிலிருந்துதான். ஒருவர் ஒருமுறை எழுப்பினாற் பெரிதில்லை. ஆனால் விடுமுறை நாளில் இந்த வீதியிற் பத்து வாகனம் நிற்கிறது. பத்துப் பேரும் ஒவ்வொரு தரம் கை தட்டினால்?

ஆகவே பறவையைப் படம் எடுப்பதன் முதற்பாடம் தூரம். அடுத்து அசையாமை. வாகனத்தை விட்டு இறங்காமல் அதன் ஜன்னலையே மறைவிடமாக வைத்துக்கொள்வது மிக நல்லது. பறவைகள் நின்ற வாகனத்தை அஞ்சுவதில்லை, எழுந்து நிற்கும் மனித உருவத்தையே அஞ்சும். சூரியன் உமது முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். பறவை உண்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி உம்மைப் பார்த்தால் நீர் ஏற்கனவே அதிகம் நெருங்கிவிட்டீர் என்று பொருள். கூடுள்ள இடத்துக்குக் கமராவோடு போகவே வேண்டாம். 

தமிழில் இந்த ஒழுக்கத்தோடு படமும் எடுத்து எழுத்தும் எழுதியவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன்; 1912இற் பிறந்து 1996இல் மறைந்தவர். பல பாகங்களைத் தாமே பொருத்திய கமராவோடு காடுகளில் அலைந்து, கறுப்பு வெள்ளைப் படங்களே எடுத்தார். ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ என்ற பெயரில் அவருடைய தமிழ்க் கட்டுரைகள் நூலாகியுள்ளன. இயற்கையைப் பற்றி எழுதுகிறேன் என்று ‘ஆகா, ஓகோ’ என வியந்து பக்கத்தை நிரப்புவோர் அதனைப் படித்துப் பார்க்கலாம். வியப்புக் குறியே இல்லாமல் எப்படி வியக்க வைப்பது என்பது தெரியும்.

இன்னொன்றையும் இங்கே நினைக்கவேண்டும். யுத்த காலத்தில் இந்த வீதியில் தொலைநோக்கியும் நீண்ட வில்லை பூட்டிய கமராவும் கொண்டு நிற்பது கற்பனைக்கும் எட்டாத காரியம். அதற்கு விளக்கம் சொல்லி முடித்து வீடு போய்ச் சேர்ந்திருக்க முடியாது. எமது தலைமுறை பறவை பார்க்கப் பழகாமற் போனதற்கு அதுவும் ஒரு காரணம். எம்மோடு வந்த மாணவர்கள் அந்த அச்சத்தை அறியாமலே தொலைநோக்கியைக் கைமாற்றிக்கொண்டு நின்றார்கள்.

வீதியோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்த கடற்றொழிலாளர் ஒருவர் சற்று நேரம் எம்மைப் பார்த்துக்கொண்டு நின்றார். ‘சேர், இதுகள் முந்தாநாள் உப்பளப் பக்கம் நிண்டது. தண்ணி வத்த வத்த இஞ்சால வரும். காத்து மாறினா ஒண்டையும் காணமாட்டியள்’ என்றார். ஒரு முழுப் பாடத்தை மூன்று வசனத்திற் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எட்டு மணிக்குமேல் தீவைக் கடந்து தலைமன்னாருக்குப் போனோம். வழியெங்கும் பனை. இந்தப் பனைகளின் நடுவே, வால் நீண்ட கரிக்குருவியையும் கௌதாரியையும் சாதாரணமாகக் காணலாம். இலங்கையின் தென்பகுதியிற் காண்பதற்கு அரியவை இவை. தமிழ்நாட்டுக்காரருக்கோ வீட்டுமுற்றத்துப் பறவைகள். நிலத்தின் உறவைப் பறவைகள் காட்டும் விதம் இது.

மீன் இறங்கும் துறையிலே அஞ்சலட்டைக்கான விடை கூட்டமாக நின்றது. வெண்ணிற உடல், சாம்பல் நிறச் சிறகு, வலை உதறும் இடத்தில் நெரிசல், ஓயாத இரைச்சல், எறிந்த மீன்குடலுக்குப் போட்டி. காக்கையின் குணம் அத்தனையும் உண்டு; நிறம் மட்டும் மாறு. ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியை அம்மூவனார் பாடினார். அதிலே ‘சிறுவெண்காக்கைப் பத்து’ என்றொரு பகுதி உண்டு. ‘வெள்ளாங்குருகுப் பத்து’ என்று வேறொன்றும் உண்டு. வெள்ளைக் காக்கை என்றவுடன் புலவர் கற்பனை என்று நினைப்பவர்கள் தலைமன்னாருக்கு ஒருமுறை வரவேண்டும். காக்கை வேறு, குருகு வேறு என்று பிரித்துப் பாடியவருக்குக் கரையிலே நின்று பார்த்த அனுபவம் இருந்திருக்கிறது. பி. எல். சாமி அவர்கள் 1976இல் வெளியிட்ட ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ என்ற நூல் இத்தகைய அடையாளங்களை ஆராய்வது. தமிழ்ச் சிறப்புப் பாடம் கற்போர் கையில் அது இருக்கவேண்டும். உள்ளுறை என்று நாம் வகுப்பில் விளக்குகிறோமே, புள்ளின் செயலைச் சொல்லித் தலைவனின் செயலை உணர்த்துவது, அது புள்ளின் செயல் உண்மையாயிருந்தாலன்றிப் பலிக்காது.

அந்தக் கூட்டத்தில் உருவத்தாற் பெரிதாக, சிறகு கருஞ்சாம்பலாக நின்ற சில கடற்காகங்களை நண்பர் தனியே காட்டினார். இவ்வினத்துக்குத்தான் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சம்பத் செனவிரத்னவும் அவருடைய குழுவினரும் சீன விஞ்ஞானிகளோடு சேர்ந்து, 2020ஐ அடுத்த ஆண்டுகளில், மன்னாரிலே சிறு ஜி.பி.எஸ். கருவியைப் பூட்டி விட்டார்கள். அவற்றுள் ஒன்றுக்கு மேகா என்று பெயர். மேகா இந்தியா, மத்திய ஆசியா வழியாகப் பறந்து ரஷ்யாவின் வடகோடியிலே, வட துருவ வட்டத்துக்குள் இருக்கும் யமால் தீபகற்பத்தில் கோடையைக் கழித்து, மீண்டும் மன்னாருக்கே வந்து சேர்ந்தது. போக வர 19,000 கிலோமீற்றருக்கு மேல். பேசாலைக் கரையில் மீன்குடலுக்குச் சண்டையிடும் ஒரு பறவைக்குப் பனிவெளியில் ஒரு வீடு இருக்கிறது.

இதை எழுதும்போது எமது அண்மைக்காலக் கவிதையைப் பற்றி ஒரு குறை சொல்லத் தோன்றுகிறது. ஈழத்துக் கவிதையிலே வலசைப் பறவை என்றால் அகதி என்று பொருள் நிலைத்துவிட்டது. கூடிழந்த பறவை, சிறகொடிந்த பறவை, தேசம் தேடும் பறவை. பட்ட துயரம் உண்மை. அதனைப் பாட உரிமையும் உண்டு. ஆனால் மேகா அகதியன்று. அதனை யாரும் துரத்தவில்லை. இரண்டு வீடுகளுக்கு நடுவே, தான் நன்கறிந்த பாதையில், தன் காலத்திலே போய்வருகிறது. திரும்பிவர முடியாத மனிதருக்குத் திரும்பிவரத் தெரிந்த பறவையை உவமையாக்கினால் இரண்டுக்குமே நியாயம் செய்ததாகாது. சத்திமுத்தப் புலவர் செங்கால் நாரையைத் தூதுவிட்டபோது, அது தெற்கே வந்து வடக்கே மீளும் பறவை என்பதை அறிந்தே தூதுவிட்டார். அதன் மீட்சிதான் அவருக்கு நம்பிக்கை. அலகுக்குப் பனங்கிழங்கை உவமை சொன்ன அந்தக் கண், மன்னாரில் அவித்த கிழங்கு கிழித்துத் தின்ற எவருக்கும் பொறாமை தரும்.

தலைமன்னாரின் ஊருமலைக்கு அப்பால் உள்ள தீடைகளுக்கு நாம் போகவில்லை; அனுமதியின்றிப் போகலாகாது, போகாமல் விடுவதே பறவைகளுக்கு நன்மை. அத்தீடைகளில் ஆலாக்கள் முட்டையிடுகின்றன. நண்டு தின்னும் உள்ளான் என்று ஒரு விசித்திரப் பறவை, கறுப்பும் வெள்ளையுமாய், தடித்த அலகோடு, மணலிலே வளை தோண்டி அதனுள் ஒரே ஒரு வெள்ளை முட்டை இடுகிறது. கரைப்பறவைகளில் இப்படி வளை தோண்டுவது வேறில்லை. இலங்கையில் அது கூடமைப்பதாக அறியப்பட்ட இடம் இந்தத் தீடைகளே. 2015இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

திரும்பும்போது தென்கரை வானத்திலே காற்றாலைகள் வரிசையாகத் தெரிந்தன. ‘தம்பபவனி’ என்ற பெயரோடு 2020 டிசம்பரில் திறக்கப்பட்டவை. முப்பது கோபுரங்கள், 103.5 மெகாவற். அதன்பின் இந்திய நிறுவனமான அதானி, மன்னாரில் 250 மெகாவற்றுக்குக் காற்றாலை அமைக்க முன்வந்தது. வலசைப் பாதையைக் காரணங்காட்டிச் சூழலியலாளர் 2024இல் உயர் நீதிமன்றம் சென்றார்கள். விலை பற்றிய இழுபறியின் பின் 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், வேறு காற்றாலைகளின் பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களை மன்னார் மக்கள் வீதியிலே மறித்து நின்றார்கள். அவர்களுடைய முறைப்பாட்டில் பறவையோடு வெள்ளமும் மீன்பிடியும் குடிமனையும் இருந்தன.

காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. நுரைச்சோலையின் நிலக்கரிப் புகையோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல். காற்று மிகுதியாக வீசுவது சோழகத்தில், வலசைப் பறவைகள் நிற்பது வாடையில் என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். அதில் உண்மை உண்டு, ஆனால் வாடையிலும் சக்கரம் சுழல்கிறதே. மாலையில் களப்பிலிருந்து கடலுக்கும், விடியலிற் கடலிலிருந்து களப்புக்கும் தாராக்கூட்டங்கள் போய்வரும் உயரமும் சக்கரம் சுழலும் உயரமும் ஒன்று. 130 சதுர கிலோமீற்றர்தான் இந்தத் தீவு. இத்தனை சிறிய வாசற்படியில் எத்தனை கோபுரம் நிறுத்தலாம் என்பதைக் காற்றின் வேகத்தை மட்டும் அளந்து முடிவு செய்ய முடியாது. கமராக்காரருக்குச் சொன்ன அதே தூரப்பாடம் இவர்களுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

பத்து மணிக்குக் கானல் எழுந்தது. வெப்பக்காற்றின் அசைவில் தூரத்துப் பறவைகள் உருகி வழிவதுபோற் தெரிய, நண்பர் கமராவைப் பைக்குள் வைத்தார். மாணவர்களின் குறிப்பேட்டில் 38 இனங்கள் ஏறியிருந்தன. அவற்றுள் ஒன்பதுக்குத் தமிழ்ப்பெயர் எழுத இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. க. ரத்னம் தொகுத்த ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ நூலைப் பார்த்து ஆறை நிரப்பிவிட்டோம். மீதி மூன்றில் ஒன்று, பேசாலைப் பக்கத்திலே மணலோரம் ஓடிய வெளிர்நிறச் சிறு உள்ளான். அலை பின்வாங்கும்போது அதன் பின்னே ஓடிப்போய்க் கொத்தும். அலை திரும்பினால் முன்னே ஓடிவரும். அதற்கு ‘அலைதுரத்தி’ என்று மாணவி ஒருவர் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அங்குள்ள கடற்றொழிலாளரிடம் அதற்கு ஏற்கனவே ஒரு பெயர் இருக்கக்கூடும். அடுத்த முறை கேட்டு வந்த பிறகே மையால் எழுதுவதாக ஏற்பாடு.